மடக்குக்கத்தியின் வயது

எங்கள் வீட்டு அலமாரியில் மான்கொம்புப் பிடி போட்ட ஒரு மடக்குக்கத்தி உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-இல், கஞ்சித்தொட்டியை மேற்பார்த்ததற்காகக் கலெக்டர் துரை கொள்ளுத் தாத்தாவுக்குத் தம் கையால் கொடுத்தது என்பது பாட்டி சொன்ன சமாசாரம். ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் துருவைத் துடைத்தபோது அலகின் அடியில் எழுத்துக்கள் தெரிந்தன. ஷெபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனி. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்த அதன் முத்திரை. ஒரு கிரீடம், அதன் இருபுறமும் 'ஜி', 'ஆர்'. 1822-இல் அரண்மனைக் கத்திக்காரர் என்ற பட்டம் பெற்ற கம்பெனி அது. ஆளும் அரசரின் எழுத்தைப் பொறிப்பது அதன் வழக்கம். விக்டோரியா காலமென்றால் 'வி' அல்லவா இருக்க வேண்டும்?

அண்ணா விட்டுக்கொடுக்கவில்லை. "நான்காம் ஜார்ஜ் 1830 வரை இருந்தானே! துரை தன் தாத்தாவின் கத்தியையே கொடுத்திருப்பான்" என்றார். வக்கீல் மூளை!

ஆனால் 'இங்கிலாந்து' என்றும் ஒரு சொல் இருந்தது. அமெரிக்காவின் 1890-ஆம் வருஷத்துச் சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டுமென்றது. 1891-ஐ ஒட்டித்தான் ஷெபீல்டுக்காரர்கள் அதைப் பொறிக்கலானார்கள். ஆகவே இவர் 1910-இல் பட்டமேறிய ஐந்தாம் ஜார்ஜ்; தவறினால் அவர் மகன். கொள்ளுத் தாத்தா காலமானதோ 1902-இல்.

தாத்தா சென்னையில் குமாஸ்தா. மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியிருப்பார். தகப்பனாருக்குக் கிடைத்ததென்று ஏன் சொன்னார்? கஞ்சித்தொட்டியில் நின்றவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பது அவரை உறுத்தியிருக்கலாம்.

அண்ணாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கத்தியை மடக்கிப் பழைய இடத்திலேயே வைத்தார்.