பெங்களூர் நகரின் தொழினுட்ப வளர்ச்சி

ஆற்றங்கரைகளிலும் கடற்றுறைகளிலும் பெருநகரங்கள் தோன்றியமையை வரலாற்றிற் பரக்கக் காணலாம். பெங்களூர் நகருக்கோ பேராறும் இல்லை, துறைமுகமும் இல்லை. அவ்வாறிருந்தும் கணினித் தொழிலில் அஃது உலகறிந்த நகராய் விளங்குகின்றது. இச்சிறப்புச் சில பத்தாண்டுகளில் திடீரென எய்தியதென்பர் பலர். நகரின் வரலாற்றை நோக்குமிடத்து அக்கூற்றுப் பொருந்தாமை புலனாகும்.

1537ஆம் ஆண்டிற் கெம்பே கௌடர் இந்நகரை அமைத்தார் என்பது மரபு. கோட்டையோடு குளங்களும் அமைக்கப்பெற்றன. ஆறில்லாத மேட்டுநிலத்தில் மழைநீரைத் தேக்கிய அக்குளங்களே நகருக்கு உயிராயின.

நவீன வளர்ச்சிக்கு அடிகோலியவை இரண்டு. ஒன்று மின்சாரம். காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிற் பெற்ற மின்சாரம் 1902இற் கோலார்த் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. 1905இற் பெங்களூர் வீதிகளில் ஒளி வீசிற்று. மற்றையது கல்வி. ஜம்செட்ஜி டாட்டாவின் கொடையும் மைசூர் அரசு ஈந்த நிலமும் கூடியமையால் 1909இல் இந்திய விஞ்ஞானக் கழகம் தோன்றியது. 1904இலேயே மறைந்த டாட்டா அதனைக் காணும் பேறு பெற்றிலர். விசுவேசுவரையா திவானாயிருந்த காலத்தில், 1917இல், பொறியியற் கல்லூரி எழுந்தது.

கல்வியைத் தொடர்ந்து ஆலைகள் வந்தன. 1940இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு விமானத் தொழிற்சாலையை நிறுவினார்; 1942இல் விஞ்ஞானக் கழகம் விமானப் பொறியியலைக் கற்பிக்கத் தலைப்பட்டது. சுதந்திரத்தின் பின் 1948இல் தொலைபேசிக் கருவி, 1953இல் இயந்திரக் கருவி, 1954இல் இலத்திரனியற் கருவி என்பவற்றுக்கான அரசாங்க நிறுவனங்கள் அடுத்தடுத்து அமைந்தன. 1975இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஆரியபட்டா என்னும் செய்மதியும் இந்நகரிலேயே உருவாயிற்று.

கணினி நிறுவனங்கள் இவற்றுக்குப் பின்னரே வந்தன. 1970களின் பிற்பகுதியில் மாநில அரசு இலத்திரனியல் நகரை அமைக்கத் தொடங்கியது. 1983இற் புனாவிலிருந்து இன்போசிஸ் வந்தது. 1985இல் அமெரிக்க நிறுவனமாகிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்மதித் தொடர்போடு தன் பணியை ஆரம்பித்தது. 1991இல் இந்திய அரசு வணிகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தவே ஏனையோரும் திரண்டனர். மூன்று தலைமுறைகளாகக் கல்லூரிகளும் ஆலைகளும் பயிற்றி வைத்த மக்களே அவர்களை ஈர்த்த பெருஞ்செல்வமாவர்.

ஆயின் இவ்வளர்ச்சிக்கு நகரம் கொடுத்த விலையும் சிறிதன்று. குளங்கள் பல தூர்ந்தன. தர்மாம்புதி என்னும் பழங்குளம் இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம் உள்ளது. ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காவிரியின் நீரே குழாய்வழி மேலேற்றப்பட்டு நகரின் தாகத்தைத் தணிக்கின்றது. 2024இல் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றியபோது, கணினித் தொழிலாளர் வாழும் மாடிமனைகளும் நீர் வண்டிகளை எதிர்பார்த்திருந்தன.

முன்னோர் இட்ட வித்துக்களுள் கல்வி பேணப்பட்டது, பயன் தந்தது. குளம் பேணப்படவில்லை, அதன் பயனும் அற்றது. நகரங்களை ஆக்குவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நினைதல் வேண்டும்.