வாரிங்டன் எழுதிய கடிதம்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மருத்துவம் படிக்க வந்தவனிடம் மதிப்பெண்ணைவிட முக்கியமாகக் கேட்கப்பட்டது, அவன் எந்த டாக்டரிடம் தொழில் பழகினான் என்பதுதான். ஊர் டாக்டர் ஒருவரிடம் மூன்று ஆண்டு இருந்து, மருந்து அரைத்து, நோயாளி வீடுகளுக்கு அவர் பின்னாலேயே போய்வந்து, அவர் கையால் நற்சான்று வாங்க வேண்டும். கல்லூரியில் விரிவுரை கேட்டால் மட்டும் பட்டம் கிடைக்காது; அந்தச் சான்றும் வேண்டும்.

பெண்ணுக்கு அப்படிச் சான்று தர யார் முன்வருவார்? எலிசபெத் பிளாக்வெல் அலைந்தது இதற்காகத்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்து, 11 வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். தென் மாநிலங்களில் ஆசிரியையாகச் சம்பாதித்துக்கொண்டே, தங்கியிருந்த வீட்டு டாக்டர்களின் புத்தகங்களைப் படித்தார். பிலடெல்பியா வந்து உடற்கூறியலைத் தனியாகக் கற்றார். கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. ஆண் வேடமிட்டுப் பாரிஸில் படிக்கலாமே என்று அவருக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. அவர் இணங்கவில்லை.

கடைசியில் குவாக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பிலடெல்பியா மருத்துவர் ஜோசப் வாரிங்டன் எழுதிய கடிதம் ஒன்று, 1847-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா மருத்துவக் கல்லூரிக்குப் போனது. ஆசிரியர்களுக்குத் தர்மசங்கடம். பெண்ணைச் சேர்க்க மனமில்லை. வாரிங்டனின் சொல்லைத் தட்டவும் துணிவில்லை. முடிவை மாணவர்களிடமே விட்டுவிட்டார்கள். டீன் சார்லஸ் லீ கடிதத்தை வகுப்பில் வாசித்து, ஒரே ஒருவர் மறுத்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி என்று அறிவித்தார். எப்படியும் மறுத்துவிடுவார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அது பொய்த்தது. சுமார் 150 பேர் கொண்ட, அடங்காத வகுப்பு அது. போட்டிக் கல்லூரிக்காரர்கள் செய்த குறும்பு என்று நினைத்து, மாலையில் கூடி ஆரவாரமாகச் சம்மதம் சொன்னார்கள். ஒரு குரல் மட்டும் மறுத்தது. அந்த மாணவன்மீது பாய்ந்து, ‘சரி’ என்று கத்தும்வரை விடவில்லை என்று, அன்று அங்கிருந்த ஸ்டீபன் ஸ்மித் பிற்காலத்தில் எழுதிவைத்தார். நவம்பரில் பிளாக்வெல் நேரில் வந்து வகுப்பில் உட்கார்ந்தபோது கூச்சல் அடங்கியது. 1849 ஜனவரி 23-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறி, அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார்.

வாரிங்டனின் நல்ல மனம் வென்றது என்று இந்தக் கதையை முடித்துவிட முடியாது. பிறகு தங்கை எமிலி விண்ணப்பித்தபோது அதே ஜெனீவா மறுத்துவிட்டது. சிகாகோவின் ரஷ் கல்லூரி 1852-இல் சேர்த்துக்கொண்டு, மாநில மருத்துவச் சங்கம் கண்டித்ததும் பாதியில் அனுப்பிவிட்டது. 1854-இல் கிளீவ்லாந்தில்தான் அவர் பட்டம் பெற்றார். எலிசபெத்தை உள்ளே விட்டதில் கடிதத்துக்கு எவ்வளவு பங்கோ, ஒரு வகுப்பின் விளையாட்டுத்தனத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை 1910-இல் வந்தபின் தரமற்ற கல்லூரிகள் பல மூடப்பட்டன. இடங்களுக்குப் போட்டி கடுமையானது. அப்போதுதான் பரிந்துரைக் கடிதம் ஆளை வடிகட்டவும் பயன்பட்டது. நல்ல மதிப்பெண்ணோடு வந்த யூத இளைஞர்களை நேரடியாக மறுக்க முடியாத கல்லூரிகள் விண்ணப்பத்தில் மதம் கேட்டன, புகைப்படம் கேட்டன. பேராசிரியர்களின் கடிதத்திலும் நேர்காணலிலும் ‘குணநலன்’, ‘ஆளுமை’ தேடின. அளந்து காட்ட முடியாத இந்தச் சொற்களை வைத்து யாரையும் ஒதுக்கலாம். நடந்ததும் அதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1920-இல் சுமார் 47 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள் 1940-இல் 6.5 சதவீதத்துக்கும் கீழே போனார்கள். மதிப்பெண்ணில் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். அவர்களோ எதில் தோற்றோம் என்றே தெரியாமல் வீடு திரும்பினார்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு எதிர்ப்பு வலுத்தது. மத, இன அடிப்படையில் மாணவர்களை ஒதுக்கக் கூடாது என்று 1948-இல் நியூயார்க் மாநிலம் சட்டமே போட்டது. நியூயார்க்கின் யூதப் பல்கலைக்கழகமான யெஷிவா புதிய மருத்துவக் கல்லூரி தொடங்கத் திட்டமிட்டபோது, எல்லா மதத்தாரையும் இனத்தாரையும் அது வரவேற்கும் என்பதைப் பாராட்டி 1951-இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 1955-இல் அவர் பெயரிலேயே கல்லூரி திறந்தது.