கருவிழியில் எஞ்சுவது எவ்வளவு: லேசர் பார்வைத் திருத்த ஆய்வின் வரலாறு

கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியே செய்கிறது. நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். அந்த வளைவைச் சிறிது மாற்றிவிட்டால் மூக்குக் கண்ணாடி தேவையில்லை என்ற எண்ணம் லேசருக்கு முற்பட்டது. கத்தி, எக்சைமர் லேசர், ஃபெம்டோ விநாடி லேசர் என்று கருவிகளின் வரிசையாகவே இத்துறையின் வரலாற்றைப் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அறுவை முடிந்து ஆண்டுகள் கழித்துக் கருவிழி காட்டிய விளைவுகளின் வரிசையாக அதை எழுதுவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜப்பானின் சுத்தோமு சாத்தோ 1930களின் இறுதியிலிருந்து கருவிழியின் உட்புறத்தில் கீறல்களிட்டு அதன் வளைவைத் தட்டையாக்கினார். உட்புறத்தை மூடியிருக்கும் ஒற்றை உயிரணு அடுக்குதான் நீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கிறது. அழிந்தால் மனிதரில் அது மீண்டும் வளர்வதில்லை. அதன் முக்கியத்துவம் அன்று அறியப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவரிடம் சிகிச்சை பெற்ற பலருடைய கருவிழிகள் வீங்கிக் கலங்கின. 1970களில் மாஸ்கோவின் ஸ்வியாதோஸ்லாவ் ஃபியோதரோவ் ஆரக்கீறல்களை முன்புறத்தில் இட்டார். அம்முறையை அமெரிக்காவில் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ‘பெர்க்’ ஆய்வு 1994இல் முடிவை வெளியிட்டது. 43 விழுக்காடு கண்கள் தூரப்பார்வைப் பக்கமாக ஒரு டயாப்டரோ (ஒளியை வளைக்கும் திறனின் அலகு) அதற்கு மேலோ நகர்ந்திருந்தன. ஆறிவிட்டதாகக் கருதப்பட்ட காயம் உண்மையில் நிலைகொள்ளவே இல்லை.

இவர்களிலிருந்து விலகிச் சிந்தித்தவர் பொகோட்டாவில் பணியாற்றிய ஹோசே இக்னாசியோ பர்ராக்கேர். கீறுவதற்கு மாறாக, திசுவைக் கழித்து வடிவத்தை மாற்றலாம் என்று 1949இல் முன்மொழிந்தார். கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய வில்லையாகச் சீவி எடுத்து, உறையவைத்து, கடைசல் எந்திரத்தில் செதுக்கித் திரும்பப் பொருத்தினார். உறைதல் திசுவைச் சேதப்படுத்தியது. ஆனால் இன்றைய ‘லேசிக்’ லேசர் அறுவைமுறையின் அடிப்படை எண்ணம் அவருடையதே. அதை நிறைவேற்றும் கருவி மட்டும் அன்று இல்லை.

அக்கருவி கண் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ரங்கசாமி சீனிவாசன், நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் ஒளிவேதியியலாளர். ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோர் அவருடைய கூட்டாளிகள். 1981 நவம்பர் 27 அன்று, முந்தைய நாள் நன்றி நவிலல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அதன் மீது எக்சைமர் லேசரின் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிரைச் சீனிவாசன் பாய்ச்சினார். வெட்டு துல்லியமாக விழுந்தது, ஓரங்கள் கருகவில்லை. ஒப்பீட்டுக்காகப் பயன்படுத்திய 532 நானோமீட்டர் பச்சை லேசர் திசுவைக் கருக்கியது. காரணம் ஒளித்துகளின் ஆற்றலில் இருக்கிறது. 193 நானோமீட்டரில் அது 6.4 எலக்ட்ரான் வோல்ட். கரிமப் பிணைப்பை உடைக்கப் போதுமானதைவிட அதிகம். பிணைப்புகள் அறுந்து துணுக்குகள் பறந்துவிடுகின்றன. வெப்பமும் அவற்றோடு போய்விடுவதால் சுற்றியுள்ள திசு தப்புகிறது. ஒரு துடிப்புக்குக் கழிவது சுமார் கால் மைக்ரான்.

கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோகெல், சீனிவாசன், போடில் பிரேரன் ஆகியோர் 1983இல் கருவிழி பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். தொடக்கத்தில் பலரும் இந்த லேசரை இன்னும் கூர்மையான கத்தியாகவே எண்ணினர். லண்டனின் ஜான் மார்ஷலும் உடன் உழைத்தவர்களும் 1986இல் வேறு வழியை முன்வைத்தார்கள். கீற வேண்டாம், பரப்பையே செதுக்கலாம் என்றார்கள். என் மதிப்பீட்டில் இந்த மாற்றம் லேசரின் கண்டுபிடிப்புக்கு இணையானது. பர்ராக்கேரின் எண்ணத்துக்கு உரிய கருவி இப்போதுதான் கிடைத்தது. 1987இல் பெர்லினில் தியோ சைலர் பார்வையற்ற கண்ணிலும், 1988இல் நியூ ஆர்லியன்ஸில் மார்கரெட் மெக்டொனால்ட் பார்வையுள்ள கண்ணிலும் இச்சிகிச்சையைச் செய்தனர்.

எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதற்குச் சார்லஸ் மன்னர்லின் எளிய கணக்கைத் தந்தார். செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை டயாப்டரால் பெருக்கி மூன்றால் வகுத்தால், ஆழம் மைக்ரானில் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டருக்கு 12 மைக்ரான். நேரடியாக மேற்பரப்பில் செதுக்கியபோது சில நாள் வலியும், சிலருக்கு ஆறும்போது வெண்மூட்டமும் வந்தன. கிரீட் தீவின் யோவானிஸ் பல்லிகாரிஸ் 1990 வாக்கில், மேலே ஒரு மடலைத் திறந்து அடியில் செதுக்கி மூடும் லேசிக்கை வடிவமைத்தார். வலி குறைந்தது, பார்வை மறுநாளே தெளிந்தது. முறை உலகெங்கும் பரவியது.

ஆனால் மடலும் திசுவே. அது திரும்ப ஒட்டினாலும் பழைய வலிமை திரும்புவதில்லை. இழுவிசையைத் தாங்குவதில் வலிமை மிக்கதும் கருவிழியின் முன்பகுதிதான். 540 மைக்ரானில் மடலுக்கு 160, பத்து டயாப்டர் கிட்டப்பார்வைக்கு 120 போனால் தாங்குவதற்கு எஞ்சுவது 260. லேசிக்குக்குப் பின் கருவிழி மெலிந்து முன்தள்ளிய நிகழ்வுகளை 1998இல் சைலரே அறிவித்தார். அடியில் குறைந்தது 250 மைக்ரான் விட வேண்டும் என்ற விதி வழக்கில் நிலைபெற்றது. அந்த விதிக்கு உட்பட்ட கண்களிலும் சில முன்தள்ளியதால், கேள்வி தடிமனிலிருந்து வலிமைக்கு நகர்ந்தது. யார் அறுவைக்குத் தகுதியற்றவர் என்பதே முதன்மையான ஆய்வுப் பொருளாயிற்று. கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக்கும் பரிசோதனை அறுவைக்கு முன் கட்டாயமானது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கண் அறுவைக்காக உருவாக்கப்பட்ட ஃபெம்டோ விநாடி லேசர், மடல் வெட்டும் வேலையைக் கத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதே வகை லேசரைக் கொண்டு ஜெர்மனியின் வால்டர் செகுண்டோவும் மார்கஸ் பிளமும், மடலே இல்லாமல் உள்ளிருந்து ஒரு வில்லையைச் சிறு கீறல் வழியே உருவும் ஸ்மைல் முறையை 2011இல் வெளியிட்டனர். முன்பகுதி இதில் பெரும்பாலும் அறுபடுவதில்லை. ஆயினும் ஸ்மைலுக்குப் பின்னும் முன்தள்ளல் பதிவாகியிருக்கிறது.

கருவிழி நரம்புகள் அறுபடுவதால் வரும் உலர்கண், இரவில் விளக்குகளைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் ஆகியவை நெடுங்காலம் சிறு தொல்லைகளாகவே எழுதப்பட்டன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் கூட்டாளிகளும் லேசிக் பற்றி நடத்திய ‘பிரௌல்’ ஆய்வுகள் 2017இல் வெளிவந்தன. பார்வையில் மனநிறைவு தெரிவித்தவர்கள் 95 விழுக்காட்டுக்கு மேல். அதே ஆய்வுகளில், அறுவைக்கு முன் பார்வைக் கோளாறு எதுவும் சொல்லாதவர்களில் 43 முதல் 46 விழுக்காட்டினருக்கு மூன்றாம் மாதத்தில் புதிதாக ஒன்று தோன்றியிருந்தது. தங்கள் தொல்லையை மருத்துவரிடம் நேரில் சொன்னவர்களைவிட வினாத்தாளில் எழுதியவர்கள் இரு மடங்குக்கும் அதிகம்.