மாக்சியமும் தனிமனித வாதமும்: கொழும்பு கண்ட ஒரு வழக்கு

1859 ஆம் ஆண்டு அரசியற் சிந்தனை வரலாற்றிலே குறிப்பிடத்தக்கதோர் ஆண்டாகும். ஆங்கிலேயரான ஜோன் ஸ்டுவட் மில் தனிமனித சுதந்திரம் பற்றிய தமது நூலை வெளியிட்டதும், இலண்டன் மாநகரில் அகதியாய் வாழ்ந்த காள் மாக்ஸ் அரசியற் பொருளாதாரம் பற்றிய விமரிசன நூலை வெளியிட்டதும் அவ்வாண்டிலேயாம். ஒருவனுடைய செயல் பிறருக்குத் தீங்கு விளைத்தாலன்றி அவனைத் தடுத்தல் ஆகாதென்றார் மில். மனிதன் தன் வர்க்கத்தினின்றும் தனித்து நிற்பவனல்லன், உடைமை எவர் கையிலோ சட்டமும் அவர் கையிலே என்பது மாக்ஸின் கொள்கை. நூல்களில் எதிரெதிரே நிற்கும் இவ்விரு கொள்கைகளும் நம் கொழும்பில் ஒரே மனிதன் பொருட்டு ஒருங்கே நின்ற வரலாற்றை மூத்தோர் அறிவர். இளைஞர் பலர் அறியார்.

இலங்கை மாக்சியம் நம் வெள்ளவத்தையிலும் வளர்ந்தது. 1933 இல் இங்கிருந்த நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, மேனாட்டிற் கற்றுத் திரும்பிய இளைஞர் அவர்க்குத் துணைநின்றனர். அத்தொழிலாளர் சங்கத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1935 டிசம்பர் 18 இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியபோது அதன் முதற்றலைவரும் அவரே. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

1936 இல் மடுல்கலைப் பகுதியிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திற்குச் சின்னத்துரைப் பயிற்சிக்கென வந்தார் மார்க் அன்ரனி பிரேஸ்கேடில். இலண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர். தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு மனங்கொதித்து, துரைமார் பக்கம் நில்லாது சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3 இல் நாவலப்பிட்டிக் கூட்டத்திலே வெள்ளைக்காரர் ஒருவர் வெள்ளைத் துரைமாரைக் கண்டித்துப் பேசுவதை மலையகத் தமிழர் கேட்டனர். தோட்டச் சொந்தக்காரர் பொறுப்பரோ? ஏப்ரல் 24 இற்குள் நாட்டைவிட்டு நீங்குமாறு தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார். மே 5 ஆந் திகதி காலிமுகத்திடலிலே பெருங்கூட்டத்தின் முன் திடீரெனத் தோன்றிப் பேசினார்! சில நாளிற் கைதானார்.

அப்பொழுது சமசமாஜர் நாடியது புரட்சியையன்று, புதுக்கடை நீதிமன்றத்தை. ஆட்கொணர்வு மனுவின் மீது எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சிட்னி ஏபிரகாம்ஸ் முதலிய மூவர் மே 18 இல் தீர்ப்பளித்தனர். தேசாதிபதி காட்டிய 1896 ஆம் ஆண்டின் ஆணை நெருக்கடிக் காலத்துக்கே உரியது; நெருக்கடி இல்லாத வேளையில் ஒருவரைத் தம் விருப்பப்படி நாடுகடத்த அவர்க்கு அதிகாரமில்லை என்றனர். ஆளும் வர்க்கத்தின் கருவி எனப்பட்ட சட்டமே மாக்சியவாதியை விடுவித்தது.

இதனால் மில் வென்றார் என்று எழுதிவிட நமக்கு மனமில்லை. நீதிமன்றம் செல்ல வழியும் துணையும் பிரேஸ்கேடிலுக்கு இருந்தன. லயத்தில் வாழ்ந்த தொழிலாளிக்கு எவை இருந்தன? 1921 வரை, பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி அவன் அடுத்த தோட்டத்திற்குப் போதலும் அரிது. (மில் தாமே முப்பத்தைந்து ஆண்டு கிழக்கிந்தியக் கம்பனியில் உத்தியோகம் பார்த்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.) 1948 இல் மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டத்தைக் கொணர்ந்தோர் தனியுடைமையையும் பாராளுமன்ற மரபையும் போற்றிய ஐக்கிய தேசியக் கட்சியினரே, சமசமாஜர் அதனை எதிர்த்து வாக்களித்தனர். அந்த நன்றியை நாம் மறத்தல் தகாது.

ஆயினும் 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பை நினைக்குந்தோறும் நமக்கு வருத்தமே மிகுகிறது. அதனை ஆக்கும் பொறுப்பை ஏற்ற அமைச்சர், வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர்க்காக நின்ற அதே கொல்வின் ஆர். டி சில்வா. எந்தச் சமூகத்தவர்க்கும் பிறர்க்கில்லாத இடையூற்றை விதிக்கலாகாதென்ற சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. அப்பிரிவு 1948 இல் மலையகத்தாரைக் காக்கவில்லை என்பது மெய்யே. எனினும் வழக்கிட ஒரு வாயிலாயினும் இருந்தது. புதிய அமைப்பின்கீழ், தேசிய அரசுப் பேரவை இயற்றி முடித்த சட்டமொன்று செல்லுமா செல்லாதா என்று கேட்கும் அதிகாரம் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு இருக்கவில்லை.