தீவகப் பள்ளிக்கூடங்களும் ஆசிரியர் வந்த வழிகளும்

ஊர்காவற்றுறையையும் சூழவுள்ள தீவுகளையும் பற்றிப் பேசும்போது, அங்கே பிறந்த கல்விமான்களின் பெயர்களை அடுக்கிவிட்டு அமைந்துவிடுவது நம்மவர் வழக்கம். அவர்களுக்குக் கற்பித்தவர்கள் எந்த வழியாக ஆசிரியரானார்கள் என்பதை எவரும் பெரிதாக விசாரிப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியராவதற்கு இரு பெருவழிகள் இருந்தன. ஒன்று ஆசிரிய கலாசாலை. கொழும்புத்துறையில் கத்தோலிக்கரும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சைவரும் கலாசாலை நடத்தினர். அங்கே பாடக்குறிப்பு எழுதவும் வகுப்பை நடத்தவும் பழக்கினார்கள். மற்றையது பண்டித வழி. வித்தியாதரிசியாயிருந்த தி. சதாசிவ ஐயர் முன்னின்று 1921இல் தொடங்கிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் பரீட்சைகளை நடத்தியது. இதில் சோதிக்கப்பட்டது இலக்கண இலக்கியப் புலமை; பிள்ளைகளை எப்படி அமர்த்துவது என்பதன்று.

முன்னவருக்கு முறை தெரியும், பின்னவருக்குப் பொருள் தெரியும் என்று பிரித்துவிடலாம்தான். ஆனால் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 1929 முதல் 1959 வரை கற்பித்தது திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையிலேயே! அங்கே பயின்றவர் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்ப் பெற்றார்.

தீவகத்தின் மைந்தர் தனிநாயகம் அடிகளின் கதை இன்னும் சுவையானது. 1913இல் கரம்பனில் பிறந்து, ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடக்கக் கல்வி பெற்றவர்; 1939இல் உரோமாபுரியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1940இல் தமிழகத்து வடக்கன்குளத்தில் ஆசிரியராய் அமர்ந்தபோதுதான் தம் தமிழறிவு போதாதென உணர்ந்தார். பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணாக்கராய் அமர்ந்து இலக்கியம் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். பட்டம் கையிலிருக்க, பாடசாலையில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி மாணவரான அந்த ஐந்தாண்டுகளை எந்தப் பயிற்சி வழியில் சேர்ப்பது?

நியூயோர்க் நகரப் பாடசாலைகளை ஆராய்ந்து தோமஸ் கேன், ஜோனா றொக்கோவ், டக்ளஸ் ஸ்டைகர் ஆகியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. வெவ்வேறு சான்றிதழ் வழிகளில் வந்த ஆசிரியர்களிடையே சராசரி வேறுபாடு சிறிது. ஒரே வழியில் வந்தவர்களுக்குள்ளேயே வேறுபாடு மிகப் பெரிது என்பது அவர்கள் கண்டது. முதற் சில ஆண்டு அனுபவம் ஆசிரியரை மெய்யாகவே உயர்த்துகிறது என்பதும் அதில் உண்டு. நியூயோர்க்கை நெடுந்தீவுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது உண்மையே. ஆயினும் அனுபவம் பற்றிய செய்தி தீவகத்துக்கு மிக நெருங்கியது.

இன்று கல்வியியற் கல்லூரியில் ஈராண்டு படித்து, ஓராண்டு கட்டுறுப் பயில்வு முடித்தவர்கள் வருகிறார்கள். பட்டதாரிகள் வருகிறார்கள், முதலில் நியமனம் பெற்றுப் பின்னர் கலாசாலையில் பயின்றவர்களும் இருக்கிறார்கள். எவ்வழியில் வந்தாலும் நெடுந்தீவு ஆசிரியர் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வகுப்பு கைக்கு வந்த ஆசிரியர் குடாநாட்டுக்குத் திரும்ப, தீவுப் பிள்ளைகளுக்கு மறுபடியும் ஒரு முதலாண்டு ஆசிரியரே வாய்க்கிறார்.

1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு பழைய ஊராசிரியர் பரம்பரையையும் கலைத்துவிட்டது. போர்க்காலத்தில் வடக்கில் வெற்றிடங்களை நிரப்பியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். கலாசாலையும் பண்டித பரீட்சையும் காணாதவர்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் வகுப்பறையில் கழித்த ஆண்டுகளே. நிரந்தர நியமனம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. நியமன விண்ணப்பத்தில் சான்றிதழ் இலக்கத்துக்கு இடம் இருக்கிறது. அந்த ஆண்டுகளை எழுத எத்தனை வரி விட்டிருந்தார்கள்?