ஏறுற வண்டிக்கு வழி

மலை ரோட்டுக்குன்னு ஒரு விதி உண்டு. 1989-ல மத்திய அரசு போட்ட சாலை விதிகள்ல எழுதியே வச்சிருக்காங்க. குறுகலான மலைப்பாதையில ரெண்டு வண்டி எதிரெதிரே வந்தா, இறங்குற வண்டி ஓரமா நின்னு ஏறுற வண்டிக்கு வழி விடணும். டவுன்ல எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினவங்க நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. போளூர்ல இருந்து ஜமுனாமரத்தூர் ஏறுற ரோட்டுல சனி ஞாயிறு நின்னு பார்த்தா உங்களுக்கே புரியும்.

அந்த விதியில எனக்குப் பிடிச்சது அதோட கணக்கு. யாரு பெரிய வண்டி, யாரு முதல்ல வந்ததுன்னு அது பார்க்கல. நிறுத்திட்டு மறுபடி கிளப்புறது யாருக்குக் கஷ்டம்னுதான் பார்த்திருக்கு. லோடு ஏத்தின வண்டி ஏத்தத்துல ஒரு தடவை நின்னா மறுபடி நகர்த்துறது பெரும்பாடு. இறங்குறவனுக்கு பிரேக்ல கால் வச்சா போதும். அதனால சுலபமா இருக்கிறவன் பொறுத்துக்கணும். இதே கணக்கை சைக்கிளுக்கும் காருக்கும் நடுவுல போட்டுப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

மலையில சைக்கிளான்னு கேப்பீங்க. ஜவ்வாது மலைன்னா நீங்க நினைக்கிற மாதிரி ஒரே செங்குத்து இல்லீங்க. ஏறி முடிச்சிட்டா மேல மேடும் பள்ளமுமா நிலம் விரிஞ்சு கிடக்கும். சாமைக்கொல்லை, கொள்ளுக்கொல்லை, நடுவுல ஊர். எங்க தாத்தா காலத்துல எல்லாமே தலைச்சுமைதான். எங்க அப்பா காலத்துல சைக்கிள் வந்துச்சு. ஆனா அது ஏறி ஓட்டுற வண்டியா இருந்ததைவிட தள்ளிக்கிட்டுப் போற வண்டியா இருந்ததுதான் அதிகம். கேரியர்ல சாமை மூட்டை, பார்ல ஒரு பை, ஹேண்டில்ல தூக்குச் சட்டி. ஏத்தத்துல தள்ளணும், இறக்கத்துல பிரேக் கட்டையை நம்பணும். கட்டை தேஞ்சு போயிருந்தா செருப்புக் காலை டயர்ல வச்சு அழுத்துவாங்க. செருப்பு தீஞ்ச வாடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்த சைக்கிள் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா அதுவே ஒரு கதை. சுதந்திரத்துக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஓடினதுல பெரும்பாலும் இங்கிலாந்து சைக்கிள். 1949-ல முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்து கம்பெனி ஒண்ணும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. அப்புறம் அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் சைக்கிள் தயாராச்சு. ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை வந்துச்சு. மணிக்கு இவ்வளவுன்னு எடுத்து, சீட்டுல உக்கார கால் எட்டாம குரங்குப் பெடல் போட்டுப் பழகின தலைமுறை அது. உங்க அப்பாவைக் கேளுங்க, முட்டிக்காயத் தழும்பைக் காட்டுவார்.

இப்ப நான் சொல்ல வந்த இடம். அந்தக் காலத்துல சைக்கிள்காரன் மேல இருந்த சட்டக் கெடுபிடி கொஞ்சநஞ்சமில்ல. சைக்கிளுக்கு வரி கட்டணும். கட்டினதுக்கு அடையாளமா ஒரு தகர வில்லை கொடுப்பாங்க, அதை வண்டியில மாட்டிக்கணும். ராத்திரி விளக்கு இல்லாமப் போனா போலீஸ் பிடிக்கும். மண்ணெண்ணெய் விளக்கு, அப்புறம் டைனமோ. டபுள்ஸ் போனாலும் பிடிக்கும், அபராதம். இன்னைக்கு இதையெல்லாம் சொன்னா சிரிப்பா இருக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க. அன்னைக்கு ரோட்டுல பெரும்பான்மை சைக்கிள்தான். அதனால அவன்தான் பொறுப்பானவன், அவன்தான் கட்டுப்படணும்னு சட்டம் நினைச்சுது. அது நியாயம்தான். இருட்டுல விளக்கில்லாம வர்ற சைக்கிளை நடந்து போற கிழவிக்கு எப்படித் தெரியும்? அவளை விட அவன் வேகம், அவளை விட அவன் பாரம். அப்ப பொறுப்பும் அவனோடதுதானே.

அப்புறம் மோட்டார் பெருகுச்சு. அதோட பொறுப்பும் மோட்டார்காரன் கைக்குப் போயிருக்கணும். போகலை. இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல.

அமெரிக்காவுல முதல் மோட்டார் விபத்துன்னு சொல்லப்படுறது 1896 மே 30-ல நியூயார்க்ல நடந்தது. மோட்டார் வண்டி இடிச்சு சைக்கிள்ல வந்த ஒரு பொண்ணுக்குக் கால் உடைஞ்சுது. ஓட்டினவரை அன்னைக்கு ராத்திரி ஜெயில்ல வச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவுல நல்ல ரோடு போடச் சொல்லி அதுக்கு முன்னாலேயே போராடினவங்க சைக்கிள்காரங்கதான். 1880-ல அவங்க ஆரம்பிச்ச சங்கம் ஊர் ஊரா மனு கொடுத்து, பத்திரிகை நடத்தி, நல்ல ரோடு கேட்டுச்சு. ரோடு வந்துச்சு. பின்னாலேயே காரும் வந்துச்சு. இடம் பிடிச்சவன் ஓரமாப் போக வேண்டியதாச்சு. வரப்பு வெட்டினவன் ஒருத்தன், நடக்கிறவன் இன்னொருத்தன்னு எங்க பக்கம் சொல்ற மாதிரி.

இங்கிலாந்துல நடந்த சண்டை இன்னும் சுவாரசியம். 1920-கள்ல, சைக்கிளுக்குப் பின்னாடி சிவப்பு விளக்கு கட்டாயம் ஆக்கணுமான்னு பெரிய வாக்குவாதம். விளக்கு போட்டா நல்லதுதானேன்னு நமக்குத் தோணும். அங்க இருந்த சைக்கிள்காரங்க சங்கம் கூடாதுன்னு எதிர்த்துச்சு. அவங்க வாதம் இதுதான்: கார்க்காரன் தன் ஹெட்லைட் வெளிச்சம் எட்டுற தூரத்துக்குள்ள நிறுத்த முடியற வேகத்துலதான் போகணும். இன்னைக்கு எங்க பின்னாடி விளக்கைக் கட்டாயம் ஆக்கினா, நாளைக்கு இடிச்சிட்டு ‘விளக்கு தெரியல’ன்னு சொல்லிட்டுப் போயிடுவான். பொறுப்பு இடம் மாறிடும். கடைசியில ரெண்டாம் உலகப்போர் வந்து, குண்டுக்குப் பயந்து ஊரெல்லாம் இருட்டாக்கினப்ப விளக்கு கட்டாயமாச்சு. போர் முடிஞ்சும் அப்படியே நிலைச்சுது.

இதுல நான் யார் பக்கம்னு கேட்டா, விளக்குப் பக்கம்தான். எங்க மலை இருட்டைப் பார்த்தவன் வேற பக்கம் நிக்க முடியாது. காவலூர்ல 1960-கள் கடைசியில வானாய்வு மையம் வந்ததுக்கு ஒரு காரணமே இந்த இருட்டுதான். வைணு பாப்பு தேடிப் பிடிச்ச இடம். 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி வந்து அவர் பேரை அந்த மையத்துக்கு வச்சார். அங்க இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தைப் பார்த்துடும். கீழ ஆலங்காயம் ரோட்டுல விளக்கில்லாம வர்ற சைக்கிளை எந்த டிரைவரும் பார்க்க முடியாது. பின் மட்கார்டுல ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர், இல்லைன்னா மூட்டைக்குப் பின்னாடி ஒரு வெள்ளைத் துணி. அது சைக்கிள்காரன் செய்ய வேண்டியது. ஆனா அந்த இங்கிலாந்துக்காரங்க பயந்தது வீண் பயம் இல்லைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். நம்ம ஊர்ல எந்த விபத்தானாலும் முதல்ல கேக்கிற வார்த்தை என்ன? “சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான் சார்.” ரோடு கார்க்காரனோடது, சைக்கிள் அதுல குறுக்க வர்ற ஜந்து, ஆடு மாதிரி.

இந்த வார்த்தை கோர்ட்ல எவ்வளவு பாரமா இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. 1939-ல வந்த மோட்டார் வாகனச் சட்டப்படி, அடிபட்டவனுக்கு நஷ்ட ஈடு வேணும்னா ஓட்டினவன் தப்புன்னு நிரூபிக்கணும். 1977-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. யோசிச்சுப் பாருங்க. செத்தவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான். ரோட்டுல வேற ஆள் இல்ல. பெஞ்சாதி எதை நிரூபிப்பா? 1980-ல தமிழ்நாட்டு பஸ் விபத்து வழக்கு ஒண்ணுல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பாயங்களைக் கண்டிச்சு எழுதினார், சின்னச் சின்ன சந்தேகத்தைக் காட்டி டிரைவரையும் முதலாளியையும் தப்பிக்க விடாதீங்கன்னு. 1982-ல சட்டத்தைத் திருத்தினாங்க. யார் தப்புன்னு பார்க்காம, செத்தா 15,000 ரூபாய், நிரந்தர ஊனம்னா 7,500. 1988 சட்டத்துல அது 25,000, 12,000 ஆச்சு. 1994-ல 50,000, 25,000. 2019 திருத்தத்துக்கு அப்புறம் உயிருக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம். தொகையை விடுங்க. அடிபட்டவன் பக்கம் தப்பு இருந்தாலும் இந்தக் காசு அவனுக்கு உண்டுன்னு சட்டம் ஒத்துக்கிச்சு பாருங்க, அதுதான் விஷயம். ஏறுற வண்டிக்கு வழி விடற அதே புத்தி.

நெதர்லாந்து இதுல இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு. 1971-ல மட்டும் அந்தச் சின்ன நாட்டு ரோட்டுல சுமார் 3,300 பேர் செத்தாங்க. அதுல 400-க்கு மேல குழந்தைங்க. ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ன்னே பேர் வச்சு பெத்தவங்க தெருவுக்கு வந்தாங்க. இன்னைக்கு அங்க கார் இடிச்சு சைக்கிள்காரனுக்கு அடிபட்டா, 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளையா இருந்தா நஷ்டம் முழுக்க பெரும்பாலும் கார்க்காரன் தலையில. பெரியவங்களா இருந்து அவங்க மேலேயே தப்பு இருந்தாலும் பொதுவா பாதியாவது கார்க்காரன் கொடுக்கணும். அதுக்காக அந்த சைக்கிள்காரங்களுக்கு விதி இல்லைன்னு நினைக்காதீங்க. விளக்கில்லாம ஓட்டினா அங்கேயும் அபராதம் உண்டு. ரெண்டு பேருக்கும் பொறுப்பு. ஆனா எடைக்குத் தகுந்த பொறுப்பு.

நம்ம அரசும் சைக்கிளை மறந்துடலை. 1991-ல புதுக்கோட்டையில கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி இயக்கத்தோட சேர்த்து பொம்பளைங்களுக்கு சைக்கிள் கத்துக்கொடுக்க ஏற்பாடு பண்ணாங்க. கூலிக்குப் போறவங்க, கல் உடைக்கிறவங்க, நர்சுங்கன்னு லட்சத்துக்கு மேல கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம பார் வச்ச ஆம்பளை சைக்கிள்லயே ஏறினாங்க. 2001-02 கல்வியாண்டுல மேல்நிலைப் பள்ளியில படிக்கிற பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்துச்சு. அப்புறம் எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஆச்சு. எங்க மலையில ஒரு பொண்ணு பிளஸ் ஒன் போறாள்னா அதுல அந்த சைக்கிளுக்கும் பங்கு உண்டு. ஆனா சைக்கிள் கொடுத்த அரசு, அது போக ஒரு முழம் இடம் கொடுக்கல. ரோட்டை அகலப்படுத்துறாங்க, தார் ஓரம் மண்ணைவிட அரை அடி உசரம் ஆயிடுது. பின்னாடி ஹாரன் அடிச்சா அந்தப் பிள்ளை இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

பொறுப்புன்னு பேசும்போது 2022 ஏப்ரல் 2-ஐத் தாண்டிப் போக முடியாது. திருப்பத்தூர் பக்கத்து ஜவ்வாது மலையில, யுகாதி நாள்ல, புலியூர்ல இருந்து செம்பரை மலைக் கோயிலுக்கு ஒரு சரக்கு வண்டியில ஏறிப் போன சனங்க பள்ளத்துல விழுந்து 11 பேர் செத்தாங்க. சரக்கு வண்டியில ஆளை ஏத்தினது தப்பு, சந்தேகமே இல்ல. “ஏன் ஏறினாங்க?”ன்னு டவுன்ல கேட்டாங்க. பஸ் போகாத மலைப்பாதையில வேற எதுல ஏறுவாங்கன்னு யாரும் திருப்பிக் கேக்கல. சைக்கிள்காரன் கதையும் இதுதான். அவன் ஏன் நடு ரோட்டுல வர்றான்னு கேக்கிறவங்க ஓரத்தை ஒரு தடவை இறங்கிப் பார்க்கணும்.

2017-ல போட்ட புது ஓட்டுநர் விதிகள்ல, நடக்கிறவங்க, சைக்கிள்காரங்க, குழந்தைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க மேல ஓட்டுறவங்க தனிக் கவனம் வைக்கணும்னு தெளிவா இருக்கு. அடிபட்டவனைத் தூக்கிட்டுப் போனா கேஸ்ல மாட்டிக்குவோம்னு பயப்படுறவங்களுக்கும் 2019 திருத்தத்துல பாதுகாப்பு இருக்கு. 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அடிபட்டவங்க காசு கட்ட வேண்டாம். அதனால 108-க்குப் போன் பண்ணிட்டு கூடவே நில்லுங்க. மலையில வண்டி வந்து சேர நேரம் ஆகும்.

இப்ப எங்க மலையில சைக்கிள் குறைஞ்சு போச்சு. இளவட்டம் எல்லாம் பைக். மிச்சம் ரெண்டே கூட்டம். ஒண்ணு பள்ளிக்கூடப் பிள்ளைங்க. இன்னொண்ணு விலை உசந்த கியர் சைக்கிள்ல, ஹெல்மெட்டும் மின்னுற விளக்குமா வேலூர்ல இருந்து அமிர்தி வழியா விடியக்காலம் ஏறி வர்ற டவுன்காரங்க. அவங்கள்ல ஒருத்தர் எங்க கொல்லை ஓரம் தண்ணிக்கு நின்னார். வாரம் பூரா கார்தான் ஓட்டுறாராம். “சைக்கிள்ல ஏறின அப்புறம்தான் சார் தெரியுது, பின்னாடி வர்ற வண்டி எவ்வளவு ஒட்டிப் போகுதுன்னு” என்றார். இப்ப கார்ல போகும்போது சைக்கிளைப் பார்த்தா ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விட்டுத் தாண்டுறாராம். வளைவா இருந்தா தாண்டுறதே இல்லையாம், பின்னாடியே மெதுவா வருவாராம்.

கோடை விழாவுக்கு, பீமன் நீர்வீழ்ச்சிக்குன்னு நீங்களும் வருவீங்க. வளைவுல ஹாரன் அடிங்க, எதிர்ல ஆள் வந்தா ஹெட்லைட்டைத் தாழ்த்துங்க. சாயங்காலம் நாலரைக்கு மேல பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைங்க ரெண்டு மூணு பேரா பேசிக்கிட்டே சைக்கிள்ல வருவாங்க. அவங்களை ஒத்தை வரிசையில வரச் சொல்லி நாங்க சொல்லிக்கிட்டுதான் இருக்கோம். பேச்சு சுவாரசியத்துல மறந்துடுவாங்க.

சாமை அறுப்பு ஆரம்பிச்சாச்சு. அடுத்த பதிவுக்குக் கொஞ்சம் நாளாகும்.