பிறமலை நாட்டுச் சுன்னத்தும் குறும்பர் கதையும்: தர்ஸ்டனின் ஒரு விளக்கம் பற்றி

எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலின் மூன்றாம் தொகுதியில், கள்ளர் பற்றிய பகுதியில், மதுரை மாவட்டத்து உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலை நாட்டார் தம் பிள்ளைகளுக்குச் சுன்னத்து செய்யும் வழக்கத்தைப் பற்றி ஒரு சிறு பத்தி இருக்கிறது. முஸ்லிம் அல்லாத தமிழ்ச் சமூகம் ஒன்றில் இந்த வழக்கம் இருந்ததற்கு நாம் காட்டக்கூடிய சான்றுகளில் அதிகம் எடுத்தாளப்பட்டது இதுதான். பத்தியில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, சடங்கு எப்படி நடந்தது என்ற விவரம். மற்றது, அது எங்கிருந்து வந்தது என்ற விளக்கம். விவரம் மிக நல்லது. விளக்கம் தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பின்வந்தவர்கள் விவரத்தை விட்டுவிட்டு விளக்கத்தையே பிடித்துக்கொண்டார்கள். அதனால் ஒரு சமூகத்தின் உறவுமுறைச் சடங்கு, வாளுக்கு அஞ்சி மதம் மாறியதன் வடுவாக இன்றுவரை படிக்கப்படுகிறது.

விளக்கம் இதுதான். தம் அரசு வீழ்ந்தபின் வடக்கே ஓடிய குறும்பரில் ஒரு பகுதியினர் கட்டாயமாக இசுலாத்துக்கு மாற்றப்பட்டார்கள். அதன் எச்சமே இந்தச் சுன்னத்து. தர்ஸ்டன் இதைத் தம் முடிவாகக் கூறவில்லை. தோற்றம் உறுதியாகத் தெரியவில்லை என்று முதலில் சொல்லிவிட்டு, இப்படி ஒரு கருத்து உண்டு என்றே எழுதுகிறார். அந்த நேர்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேறு விளக்கம் எதையும் பக்கத்தில் வைக்காததால், வாசகர் மனத்தில் தங்குவது இது ஒன்றுதான்.

குறும்பர் ஏன் இங்கே நுழைந்தார்கள்? கீழ்த்திசைச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்த வில்லியம் டெய்லர் பாதிரியார் கள்ளரையும் குறும்பரையும் ஒன்றாகக் கண்டார். குஸ்தவ் ஆப்பர்ட் அதை ஏற்றார். 1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையில் எச்.ஏ. ஸ்டூவர்ட் அதை வழிமொழிந்ததோடு, கள்ளரின் பூர்வீகம் சோழநாடு என்றும், பதினொன்றாம் நூற்றாண்டில் பாண்டியநாட்டைச் சோழர் வென்றபின் அவர்கள் தெற்கே பெயர்ந்தார்கள் என்றும் எழுதினார். தர்ஸ்டன் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். ஆக, உசிலம்பட்டிப் பக்கத்துச் சடங்கு ஒன்றின் வரலாறு, இந்த அறிஞர்களின் கணக்கில், கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலத்துக்கு வந்து சேர்கிறது. எனவே அதைச் சோழர் காலக்கணக்கில் வைத்தே சோதிப்போம்.

ஸ்டூவர்ட் சொன்ன இடப்பெயர்ச்சி நடக்க முடியாத ஒன்றல்ல. சோழ மன்னன் ராசேந்திரன் பாண்டியநாட்டை வென்று, தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தியது திருவாலங்காட்டுச் செப்பேட்டால் தெரிகிறது. பின்னர் முதற்குலோத்துங்கன் தெற்கே போகும் பெருவழிகளில் கோட்டாறு வரை நிலைப்படைகளை நிறுத்தினான். படையோடு குடிகளும் போயிருப்பார்கள். ஆனால் இதை ஏற்றால் குறும்பர் விளக்கம் தன் எடையாலேயே சரிகிறது. குறும்பர் வடக்கே ஓடினார்கள்; கள்ளர் தெற்கே பெயர்ந்தார்கள். வடக்கே போனவர்கள் உடம்பில் ஏறிய அடையாளம், தெற்கே போனவர்களின் பேரன்மாரிடம் எப்படி வந்தது? ஓடிய குறும்பர் திரும்பி வந்து, முதலில் பெயர்ந்தவர்களோடு நாகமலைக்கு மேற்கே கலந்தார்கள் என்று ஒரு மூன்றாவது கதையைக் கட்டினால்தான் இரண்டும் பொருந்தும். அப்படி ஒரு கதையை டெய்லரோ ஆப்பர்ட்டோ சொல்லவில்லை.

காலமும் இடறுகிறது. தொண்டைமண்டலத்துக் குறும்பரை அடக்கியவன் ஆதொண்டைச் சக்கரவர்த்தி என்பது மரபு. அவனைக் கரிகாலன் மகன் என்று சொல்லும் வடிவமும் உண்டு, குலோத்துங்கன் மகன் என்று சொல்லும் வடிவமும் உண்டு. இருப்பதில் பிந்திய வடிவத்தையே எடுத்துக்கொள்வோம், அதாவது தர்ஸ்டனுக்கு மிகச் சாதகமானதை. முதற்குலோத்துங்கன் ஆட்சி 1070இல் தொடங்கி 1122 அளவில் முடிகிறது. அப்போது வடக்கே ஓடிய ஒருவன் யாரிடம் சிக்கி இசுலாத்துக்கு மாறியிருப்பான்? ராசேந்திரனின் படை கங்கைக்குப் போன அதே தலைமுறையில் கஜினி மகமூது வடமேற்கிலும் சோமநாதபுரத்திலும் படையெடுத்தான் என்பது உண்மை. ஆனால் தக்காணத்தில் சாளுக்கியரே ஆண்டார்கள். அலாவுதீன் தேவகிரியைத் தாக்கியது 1296இல். மாலிக் கபூர் மதுரைக்கு வந்தது 1311இல். கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் ஆட்சி 1279இல் முடிந்துவிட்டது. குறும்பர் வீழ்ச்சிக்கும் தக்காணத்தில் டில்லிப் படை நுழைந்ததற்கும் இடையே இரண்டு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அத்தனை காலம் ஓடிக்கொண்டே இருந்த மக்கள் கூட்டம் எதுவும் இல்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. அதற்குப் பெரிய ஆவணம் எதுவும் தேவையில்லை. சோழநாட்டிலேயே தங்கிவிட்ட கள்ளர் தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் பெருந்தொகையினர். அவர்களிடம் சுன்னத்து இல்லை. தர்ஸ்டனே அதைப் பிறமலை நாட்டாருக்குரியதாகத்தான் எழுதுகிறார். பொது மூதாதையரிடமிருந்து வந்த வழக்கம் என்றால், மூலவீட்டில் ஒரு துணுக்காவது மிஞ்சியிருக்க வேண்டாமா? எதுவும் இல்லாதபோது, வழக்கம் தெற்கே, மதுரை மண்ணில், பெயர்ச்சிக்குப் பின் ஏற்பட்டது என்று கொள்வதே நேர்வழி.

சோழநாட்டார் இந்த வழக்கத்தை அறியாதவர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயில் நகைப் பட்டியலில் சோனகச் சிடுக்கின் கூடு என்றொரு அணி வருகிறது. சோனகர் (அரபு நாட்டார்) பெயரைத் தாங்கிய பொருள் கோயில் கருவூலம் வரை எட்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அந்தச் சரக்கு வந்த கடல்வழியில் அரபு வணிகரும் இருந்தார்கள். மேற்குக் கரையில் 849இல் வெட்டப்பட்ட கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவைப் பேசுகிறது. அதன் சாட்சிகள் கூபி அரபியிலும், பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்தில் பாரசீகத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எட்டாம் நாளில் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும் யூதரும், சுன்னத்து செய்யும் முஸ்லிம்களும் ஒரே ஏட்டில் சாட்சி நிற்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் இவர்களோடு வாங்கி விற்ற சோழநாட்டார் அவர்கள் வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பழக்கம் மட்டும் இருந்தால் வழக்கம் தொற்றாது. அதை ஏற்க உள்ளூரில் ஒரு காரணம் வேண்டும். பிறமலை நாட்டில் அந்தக் காரணம் என்ன என்பதற்குச் சடங்கின் விவரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தர்ஸ்டன் தரும் விவரம் வருமாறு. குறித்த நாளில் பையனைத் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோப்புக்கோ பொட்டலுக்கோ போகிறான். கூடியவர்களுக்கு வெற்றிலை வழங்கப்படுகிறது. வெட்டுகிறவர் நாவிதர். போகும் வழியிலும் சடங்கு முடியும் வரையிலும் சங்கு ஊதப்படுகிறது. பையனுக்குப் புதுத்துணி கிடைக்கிறது.

இந்த ஐந்தாறு செய்திகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். கலிமா இல்லை, பள்ளிவாசல் இல்லை, பெயர் மாற்றம் இல்லை. சங்கு இருக்கிறது, இசுலாமியச் சடங்கில் சங்குக்கு இடமே கிடையாது. கட்டாயமாக மாற்றப்பட்டவர்கள் பழைய நெறிக்குத் திரும்பும்போது, முதலில் உதறக்கூடியது உடம்பில் கத்தி வைக்கும் அடையாளம்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விட்டார்கள் என்பது மனித இயல்புக்கே முரணானது. தர்ஸ்டன் தாம் பதிவுசெய்த விவரத்தைத் தாமே ஒருமுறை எடைபோட்டிருந்தால், பக்கத்திலேயே குறும்பர் கதையைச் சேர்த்திருக்க மாட்டார்.

நடுவில் நிற்பவன் தாய்மாமன். காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்திருப்பவனும் அவன்தான். பெண்ணின் சடங்குக்குச் சீர் கொண்டுவருபவனும் அவன்தான். பிறமலை நாட்டாரிடையே 1949 முதல் தங்கி ஆராய்ந்து 1957இல் நூல் வெளியிட்ட லூயி துய்மோன், பெண் கொடுத்த வீட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் செல்லும் சீர்செய்முறையே இவர்கள் உறவுமுறையின் முதுகெலும்பு என்று காட்டினார். அந்தக் கண்ணால் பார்த்தால் சுன்னத்து தனியே நிற்கும் விசித்திரம் அல்ல. பையன் தன் தாய்மாமனுக்கு உரிய மருமகன் என்று ஊரறியச் சொல்லும் வரிசையில் அதுவும் ஒன்று. வெட்டும் முறை வெளியிலிருந்து வந்திருக்கலாம். சடங்கின் உடல் உள்ளூருடையது.

இன்று உசிலம்பட்டி வட்டாரத்தில் காதணி விழா எவ்வளவு பெரிதாக நடக்கிறது, தாய்மாமன் சீர் எப்படி ஊர்வலமாக வருகிறது என்பது மதுரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுன்னத்து வழக்கொழிந்தது, மாமன் முறை ஒழியவில்லை. சடங்கில் எது உயிர், எது கருவி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை.

வெளியிலிருந்து வந்தது என்றால் யாரிடமிருந்து, எப்போது? இங்கே என் சான்று மெலிந்தது என்பதை மறைக்கவில்லை. இரண்டு காலங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, 14ஆம் நூற்றாண்டு மதுரைச் சுல்தான்களின் காலம், ஏறத்தாழ 1335 முதல் 1378 வரை. அந்த அவையில் தங்கிய இபின் பதூதா, சுல்தான் கியாசுதீன் செய்த கொலைகளை விவரிக்கிறார். ஊர் ஊராக மதம் மாற்றியதாகச் சொல்லவில்லை. மற்றொன்று 18ஆம் நூற்றாண்டு. 1755இல் ஐதர் அலி மைசூர் அரசின் பவுஜ்தாராக (படை ஆளுநராக)த் திண்டுக்கல்லில் அமர்ந்தார். 1790இல் ஆங்கிலேயர் கைப்பற்றும் வரை அக்கோட்டை பெரும்பாலும் மைசூரின் பிடியில் இருந்தது. இதே காலத்தில் மதுரையை ஆண்ட யூசுப்கான் கள்ளர் நாடுகளோடு போரிட்டார். திண்டுக்கல்லுக்கும் பிறமலை நாட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மலைத்தொடர். கூலிப்படையில் சேர்வதும் காவல் உரிமைக்குப் பேசுவதும் அந்த மலையைத் தாண்டி நடந்த காரியங்கள். கட்டாய மாற்றம் என்ற கருத்தை யாராவது தாங்கிப் பிடிக்க விரும்பினால் குறும்பரை விட்டுவிட்டு இந்த 35 ஆண்டுகளைத்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அதுவும் ஒப்பவில்லை, காரணம் மேலே சொன்ன சங்கும் மாமனும். ஆனால் படைவீட்டுப் பழக்கத்தில் ஆண்மைக்கு அடையாளமாக ஏற்கப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்க மாட்டேன். காலத்தை 1335க்கும் 1909க்கும் நடுவே திறந்தே விடுகிறேன். பிந்திய பாதியில் இருக்கும் என்பது என் சாய்வு.

கடைசியாக வயது. தர்ஸ்டன் வயதை எண்ணால் சொல்லவில்லை. அவர் தரும் காட்சிதான் சொல்கிறது. பச்சைப்பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துத் தோப்புக்குக் கொண்டுபோக முடியாது, கழுத்து நிற்காது. தோளில் ஏறி, சங்கொலிக்கு நடுவே, புதுத்துணியை ஆசையோடு வாங்கிக்கொள்ளும் பையனுக்கு ஐந்து வயதாவது இருக்கும். பத்தைத் தாண்டியிருக்கவும் கூடும். தமிழ் முஸ்லிம் வீடுகளில் நடந்த சுன்னத்துக் கல்யாணமும் இதே வயதுக்குரியது. மாலை போட்டு, ஊர்வலம் விட்டு, சுன்னத்து செய்யும் நாவிதரான ஒசாவை வரவழைத்து நடத்திய விழா அது. சாஃபி மத்ஹபில் சுன்னத்து கட்டாயக் கடமை, ஹனஃபியில் நபிவழி. இரண்டும் கைக்குழந்தையாக இருக்கும்போதே செய்துதீர வேண்டும் என்று கட்டளையிடவில்லை. தமிழ் நிலத்தில் நுனித்தோலை வெட்டிய இரு மரபுகளும், ஆக, தனக்கு என்ன நடக்கிறது என்று பின்னாளில் நினைவுகூரக்கூடிய பையனைத்தான் அழைத்தன. அவன் சம்மதம் கேட்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. அழுத பையன்கள் எத்தனையோ பேர். ஆனால் ஊர் அவனை ஒரு ஆளாக நினைத்து முன்னே நிறுத்தியது.

பிறந்த சில நாளில், பிரசவ வார்டிலேயே முடித்துவிடும் முறை நமக்குப் புதியது. அது மருத்துவமனையோடு வந்தது. இன்று தமிழ் முஸ்லிம் பெற்றோரில் பலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புண் சீக்கிரம் ஆறும், பிள்ளைக்கு அச்சம் நினைவில் நிற்காது என்பது அவர்கள் சொல்லும் காரணம். மார்க்கக் கடமை உள்ள வீட்டில் அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். தேர்ந்த மருத்துவர், மரப்பு ஊசி, குழந்தையின் இரத்தம் உறையும் தன்மை பற்றிய விசாரிப்பு ஆகியவை இருந்தால் போதும்.

மார்க்கக் கடமை இல்லாத வீடுகளின் கேள்வி வேறு. அமெரிக்காவில் பிள்ளை பெறும் தமிழ்ப் பெற்றோரிடம், அது ஆண் குழந்தை என்றால், இதைச் செய்யவா என்று மருத்துவமனையே கேட்கிறது. ஊரிலுள்ள பெரியவர்களிடம் தொலைபேசியில் கேட்கும்போது, நம் பக்கத்திலேயே முன்னோர் செய்ததுதானே என்று பிறமலை நாட்டைக் காட்டுபவரும் உண்டு. அது மதமாற்றத்தின் வடு என்று முகம் சுளிப்பவரும் உண்டு. இருவருக்கும் ஆதாரம் தர்ஸ்டனின் அதே பத்தி. கைக்குழந்தைக்குச் செய்ததாகவோ, மதமாற்றம் உறுதி என்றோ அதில் இல்லை. அங்கே இருப்பது ஒரு வளர்ந்த பையன்.

மருத்துவமும் அவசரத்தை ஆதரிக்கவில்லை. பிறந்த குழந்தையின் நுனித்தோல் இயல்பாகவே ஒட்டியிருக்கும், வளர வளரத் தானே பிரியும் என்பதை 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் காட்டினார். இங்கிலாந்திலும் வேல்சிலும் இந்த அறுவையால் ஆண்டுக்குச் சுமார் 16 குழந்தைகள் இறப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதன்பின் அந்நாட்டில் வழக்கம் வேகமாகக் குறைந்தது. எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது என்று தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகள் சொன்னது உண்மை. 2007இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்ததும் அதனால்தான். ஆனால் அந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் தாமே முன்வந்த வளர்ந்த ஆண்கள். கைக்குழந்தைப் பருவத்தில் சிறுநீர்த் தொற்று குறைகிறது என்ற பயன் மெய்தான். அந்தத் தொற்று வருவதே ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று அளவில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2012இல் பயன் ஆபத்தைவிடக் கூடுதல் என்று சொன்னபோதும், எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கவில்லை.

கடமையும் இல்லை, நோயும் இல்லை என்றால் பிறந்த பிள்ளைக்கு இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. முன்னோர் வழக்கம் என்று காரணம் சொல்பவர்கள் அந்த வழக்கத்தை முழுமையாகப் பின்பற்றட்டும்: பையன் தோளில் ஏறும் வயது வரை, இன்னும் நல்லது தானே முடிவு சொல்லும் வயது வரை, காத்திருக்கட்டும்.